அதிவேக எஃகில் கார்பைடு உருவாதல்

அதிவேக எஃகு என்பது உலோகத்தைக் கடையவும் துளையிடவும் பயன்படும் கலப்பு எஃகு. இதிலுள்ள டங்ஸ்டன், மாலிப்டினம், குரோமியம், வனேடியம் ஆகியவை கார்பனுடன் கூடிக் கார்பைடுகளாகின்றன. கருவி சிவக்கக் காய்ந்த நிலையிலும் அதன் கூர் மழுங்காமல் காப்பவை இவையே.

தொடக்கம்: 1868-இல் இங்கிலாந்தில் ராபர்ட் மஷெட் உருவாக்கிய டங்ஸ்டன் எஃகு, நீரில் தோய்க்காமல் காற்றில் ஆறும்போதே கெட்டிப்பட்டது.

பெத்லகேம் சோதனைகள்: கருவி எஃகைச் செர்ரிச் சிவப்புக்கு மேல் காய்ச்சினால் பாழாகும் என்பது அந்நாளைய கொல்லர் மரபு. பென்சில்வேனியாவின் பெத்லகேம் எஃகு ஆலையில் 1898 முதல் ஆராய்ந்த பிரடெரிக் டெய்லரும் மான்செல் ஒயிட்டும், சுமார் 845 டிகிரி செல்சியசைத் தாண்டியதும் கருவி கெடுவதைக் கண்டனர். ஆனால் 930 டிகிரியையும் கடந்து, முனை உருகும் தறுவாய்வரை காய்ச்சியபோது, அதே எஃகு முன்னிலும் சிறப்பாக வெட்டியது. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் பார்வையாளர் முன்னிலையில் உலோகத்தைக் கடைந்த இத்தகைய கருவியின் முனை மங்கிய சிவப்பாக ஒளிர்ந்தது. நீலம் பாய்ந்த சீவல்கள் சுருண்டு விழுந்தன. கூர் மட்டும் போகவில்லை. இக்கண்டுபிடிப்பு தற்செயலானது என்பாரும், முறையான சோதனையின் பயன் என்பாரும் உளர். இதற்கான காப்புரிமையை அமெரிக்க நீதிமன்றம் 1909-இல் செல்லாதென்றது.

விளக்கம்: செந்நிறச் சூட்டிலும் கடினம் குன்றாததற்கு நுண்ணிய கார்பைடுத் துகள்களே காரணம் என்று 1923-இல் உலோகவியலாளர்கள் ஜெப்ரிசும் பெயினும் எழுதினர். 18% டங்ஸ்டன், 4% குரோமியம், 1% வனேடியம் கொண்ட எஃகை ஏறத்தாழ 1,280 டிகிரிக்குக் காய்ச்சும்போது கார்பைடுகளில் ஒரு பகுதி கரைகிறது. கரையாத பருமணிகள் எஃகின் படிகங்கள் பெருத்துவிடாமல் தடுக்கின்றன. விரைந்து குளிர்விக்கையில், கரைந்தவை வெளியேற வழியின்றி மார்ட்டென்சைட்டு என்னும் கடினமான படிக அமைப்புக்குள் அடைபடுகின்றன. மீண்டும் 550 டிகிரியளவில் சூடாக்கினால், சில நானோமீட்டர் அளவுள்ள துகள்களாகப் பிரிகின்றன. சாதாரண எஃகு இளகிவிடும் இச்சூட்டில் இந்த எஃகு மேலும் இறுகுகிறது. இது இரண்டாம் கடினமாதல் எனப்படும்.

பிற்காலம்: இரண்டாம் உலகப்போர்க் காலத்து டங்ஸ்டன் தட்டுப்பாடு மாலிப்டின வகைகளைப் பரப்பியது. 1970 வாக்கில் வந்த தூள் உலோகவியல் முறை கார்பைடுகளைச் சிறிதாகவும் சீராகவும் பரவச் செய்தது. திரவ நைட்ரஜனில் ஆழக் குளிர்விப்பது புதிய நுண்கார்பைடுகளைத் தருமா என்பதில் ஆய்வாளரிடையே ஒத்த கருத்தில்லை.

மறுசூடு: உயர்சூட்டில் எஃகு கொள்ளும் படிக அமைப்பு ஆஸ்டனைட்டு. குளிர்ந்தபின் மாறாமல் எஞ்சும் அதன் பகுதி, மறுசூட்டுக்குப் பின்னரே மார்ட்டென்சைட்டாகிறது. புதிதாய்ப் பிறந்த அந்த மார்ட்டென்சைட்டையும் மறுசூட்டால் பதப்படுத்த வேண்டும். எனவே இந்த எஃகை இன்றும் இரண்டு, மூன்று முறை மறுசூடேற்றுகின்றனர்.