விராலிமலை வட்டாரத்தில் பாம்புக் குறியீடு

புதுக்கோட்டை மாவட்டத்தில், திருச்சி–மதுரை நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள விராலிமலை, முருகன் கோயிலாலும் காட்டு மயில்களாலும் பெயர்பெற்றது. மலைமேல் ஆறுமுகப் பெருமான் வள்ளி, தெய்வானையுடன் மயில்மீது வீற்றிருக்கிறார். இவ்வூர் முருகனை அருணகிரிநாதர் திருப்புகழில் பாடினார்; அவரது மயில் விருத்தத்தில் மயிலின் ஆட்டத்துக்குப் பாம்பரசன் ஆதிசேடனின் முடிகளும் அதிர்கின்றன.

மயில்வாகனச் சிற்பங்களில் பொதுவாக மயில் பாம்பை அலகில் கவ்வியிருக்கும், அல்லது காலடியில் பற்றியிருக்கும். இதைக் கொலைக் காட்சியாகக் கொள்வது பொருந்தாது. பல சிற்பங்களில் பாம்பு உயிரோடு படமெடுத்தே நிற்கிறது. பகை அழியவில்லை, அடங்கியிருக்கிறது. ஆணவம் என்றும் குண்டலினி என்றும் அந்தப் பாம்புக்கு விளக்கம் சொல்வர்.

இதே மாவட்டத்துச் சித்தன்னவாசல் சமணக் குடைவரையில் பாம்பு காவலாகிறது: தீர்த்தங்கரர் பார்சுவநாதரின் தலைக்குமேல் ஐந்தலை நாகம் குடை பிடிக்கிறது.

ஊர்ப்புறங்களில் அரசும் வேம்பும் இணைந்த மேடையே நாகரின் இடம். பின்னிய இரு பாம்புகளைச் செதுக்கிய கல்லை ஒரு மண்டலம் நீரில் ஊறவைத்துப் பிரதிட்டை செய்வது வழக்கம். பிள்ளைவரம் வேண்டி வருவோர் மஞ்சள் பூசி, குங்குமமிட்டு, பால் வார்க்கின்றனர்.

ஆனால் பால் உயிருள்ள பாம்பின் உணவன்று. நல்ல பாம்பு 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்படும் உயிர்; பால் வார்ப்பதைக் கல்லோடு நிறுத்துவதே முறை.