கண்ணாலத்துக்குத் தலைமை யார்?



"சடங்கு வேண்டாம். நாங்களே எழுதிய உறுதிமொழியை எல்லோர் முன்னாலும் வாசித்துக் கல்யாணம் செய்துகொள்கிறோம். நீங்கள் தலைமை தாங்கி நடத்தி வையுங்கள்" என்று கேட்கும் பிள்ளைகள் இப்போது நம் கிணத்துக்கடவுப் பக்கமும் இருக்கிறார்கள். என்னையும் இரண்டொரு முறை கூப்பிட்டிருக்கிறார்கள். அப்போதெல்லாம் வீட்டுப் பெரியவர்கள் என்னைத் தனியே அழைத்து இரண்டு கேள்வி கேட்பார்கள். "இது நம்ம பழக்கமுங்களா?" என்பது ஒன்று. "நாளைக்குச் சட்டப்படி செல்லுங்களா?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதல் கேள்விக்குப் பாதிப் பதில் நம் வீட்டிலேயே இருக்கிறது. கொங்கு வெள்ளாளர் கல்யாணத்தைப் பழைய முறையில் நடத்தி வைத்தவர் புரோகிதர் அல்ல, அருமைக்காரர். அவர் நம்மைப் போலக் காடு தோட்டம் பார்க்கும் குடும்பஸ்தர். மனைவி மக்களோடு வாழும் பெரியவர். இணைச்சீர் முதல் தாரை வார்ப்பது வரை அவர் சொல்படி நடக்கும். அருகம்புல் எடுத்து அவர் வாழ்த்துவார். கம்பர் பாடித் தந்தது என்று வழிவழியாகச் சொல்லப்படும் மங்கல வாழ்த்தைக் குடிமகன் பாடுவார். வடமொழி மந்திரம் இல்லாமல், தெரிந்த பெரியவர் ஒருவர் தமிழில் நடத்தி வைப்பது நமக்குப் புதிதல்ல.

ஆனால் அந்தப் பந்தலில் எல்லோருக்கும் இடம் இருந்ததா என்றால், இல்லை. கணவனை இழந்த தாய், தன் மகள் கல்யாணத்திலேயே ஓரமாக நின்றாள். யார் எந்தச் சீர் செய்வது, யார் எந்த வேலை பார்ப்பது என்பதெல்லாம் சாதிப்படி. வேறு சாதியில் பெண் எடுத்தால் அருமைக்காரரும் வரமாட்டார், பங்காளியும் வரமாட்டார். பெரியாரின் சுயமரியாதைத் திருமணம் இந்த இடத்தில்தான் மாறுபட்டது. 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் அவர் தலைமையில் நடந்ததை முதல் சுயமரியாதைத் திருமணம் என்பார்கள். அடுத்த ஆண்டே நம் ஈரோட்டில் குத்தூசி குருசாமி, குஞ்சிதம் இருவரின் சாதி மறுப்புத் திருமணம் நடந்தது.

நான் சிறுவனாக இருந்தபோது, அறுபதுகளின் தொடக்கத்தில், உறவில் ஓர் அண்ணனுக்கு இப்படிக் கல்யாணம் நடந்தது. மேளம் கிடையாது, ஒலிபெருக்கியில் நாலு பேர் பேசினார்கள். மாலை மாற்றியதும் முடிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அப்பத்தா ஒருத்தி, "இதென்ன கண்ணாலம்? நாளைக்கு இதுகளுக்குப் பொறக்கற பிள்ளைக்குக் காட்டுல பங்கு கிடைக்குமா?" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

பிற்பாடு படித்தபோதுதான் தெரிந்தது, அன்றைக்குச் சட்டம் அப்பத்தா பக்கம் இருந்தது. 1953இல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், சாஸ்திரச் சடங்கும் இல்லாமல் நீண்டகால வழக்கமும் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று தீர்ப்பளித்திருந்தது. 1955இன் இந்து திருமணச் சட்டமும் வழக்கத்தைத்தான் ஏற்றது. அருமைக்காரர் நடத்தினால் அது வழக்கம், செல்லும். மேடையில் மாலை மாற்றினால் அது புதுமை, செல்லாது. மனமொத்து வாழ்ந்து பிள்ளை பெற்ற எத்தனையோ பேர், சட்டத்தின் கண்ணில் கணவன் மனைவி இல்லை.

இதை மாற்றியது அண்ணா ஆட்சி. 1967இல் சட்டமன்றத்தில் நிறைவேறி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் அல்லது வேறு யார் முன்னிலையிலாவது, இருவருக்கும் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் கணவனாக, மனைவியாக ஏற்பதாகச் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினால் போதும். அல்லது மோதிரம் அணிவித்தால் போதும். அல்லது தாலி கட்டினால் போதும். அந்த "அல்லது"தான் முக்கியம். முன்பே நடந்த சுயமரியாதை, சீர்திருத்தத் திருமணங்களும் நடந்த நாள் முதலே செல்லும் என்றும் சேர்த்தார்கள். எங்கள் அண்ணன் கல்யாணமும் அதில் அடங்கிற்று.

இந்தப் பிரிவு பெண்ணுக்கு வேறு விதத்திலும் உதவியது. முதல் மனைவி இருக்க இன்னொரு பெண்ணை மணந்த ஒருவர், "ஏழடி எடுத்து வைக்கவில்லை, ஆகவே இரண்டாவது கல்யாணமே நடக்கவில்லை" என்று வாதாடினார். 7ஏ இருக்கும்போது ஏழடி கட்டாயமில்லை என்று 2001இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. 2023 ஆகஸ்டில் அதே நீதிமன்றம், ஊரைக் கூட்டித்தான் நடத்த வேண்டும் என்பதில்லை என்றும், வழக்கறிஞர் ஒருவர் நண்பராகவோ உறவினராகவோ இருந்து நடத்தி வைக்கலாம் என்றும் சொன்னது.

சரி, தலைமை யார்? வெளிநாடுகள் பலவற்றில் திருமணம் நடத்தி வைப்பவருக்கு அரசின் அனுமதி வேண்டும். ஸ்காட்லாந்தில் மதம் சாராத மனிதநேய அமைப்பினர் நடத்தும் திருமணம் சட்டப்படி செல்லுபடியானதே 2005இல்தான். நம் 7ஏவில் தலைவர் என்று ஒருவர் இருந்தே தீர வேண்டும் என்றுகூட இல்லை. மணமக்கள் வாயால் சொல்வதுதான் கல்யாணம். நாங்கள் மைக் பிடிக்கிறவர்கள், அவ்வளவுதான்.

ஆகவே என்னைக் கேட்கும் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான். உறுதிமொழியை நீங்களே எழுதுங்கள். மேடைத் தமிழ் வேண்டாம், வீட்டில் பேசுகிற தமிழே போதும். சமையலும் சம்பாத்தியமும் இரண்டு பக்கத்துப் பெற்றோரும் யார் பொறுப்பு என்பது அதில் இருக்கட்டும். "கணவனாக, மனைவியாக ஏற்கிறேன்" என்ற வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அம்மா விதவையானால் மாலையை அவர் கையால் எடுத்துத் தரச் சொல்லுங்கள். வாழ்த்துரை ஆளுக்கு மூன்று நிமிடம். பசியோடு இருப்பவர்களிடம் அரசியல் வேண்டாம். பாட்டிக்கு மங்கல வாழ்த்துக் கேட்க ஆசை என்றால் பாடச் சொல்லுங்கள், தப்பில்லை.

மணமக்களில் ஒருவர் வேறு மதம் என்றால் 7ஏ உதவாது. 1954இன் சிறப்புத் திருமணச் சட்டப்படி முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடுத்து முடிக்க வேண்டும். எந்த முறையில் கல்யாணம் செய்தாலும் பதிவு கட்டாயம். 2009இன் தமிழ்நாட்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் இப்படிக் கல்யாணம் செய்தவர்கள் பலரிடம் பதிவுச் சான்று இருக்காது. வாரிசுச் சான்றிதழ், குடும்ப ஓய்வூதியம் என்று வரும்போது, பழைய அழைப்பிதழும் மாலையோடு நிற்கும் கருப்பு வெள்ளைப் படமும் சாட்சியாக உதவும். பரண் மேல் இருக்கும் தகரப் பெட்டியை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். கிடைத்தால் நகல் எடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுத்து வையுங்கள்.