நரி என்னும் பெயர்: மட்டாஞ்சேரியின் பன்மொழிச் சூழலும் விலங்கினப் பாகுபாடும்

முன்னுரை

தமிழில் ஊளையிடும் சிறு விலங்கைக் குறிக்கும் ‘நரி’ என்னும் சொல், மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து மலையாளத்திற்குச் செல்லும்போது புலியையும் குறிக்கிறது. தமிழர் நரி என்பதை மலையாளிகள் ‘குறுக்கன்’ என்றும் ‘குறுநரி’ என்றும் வழங்குவர். குறுநரி என்னும் தொடர் சங்கப் பாடல்களிலும் பயில்வதாகும். பெயர் ஒன்றாயிருக்க விலங்கு வேறாவதும், விலங்கு ஒன்றாயிருக்கப் பெயர் பலவாவதும் ஏன் என்பதைக் கொச்சி மட்டாஞ்சேரியின் மொழிச்சூழலை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

விலங்குகளின் வேறுபாடு

இந்தியாவில் உண்மையான நரியினங்கள் மூன்று. இமயப் பகுதியிலும் வடமேற்கு வறள்நிலத்திலும் செந்நரி வாழ்கிறது. லடாக் முதலிய உயர்நிலங்களில் திபெத்திய மணல்நரியும், தீபகற்பத்தின் வறண்ட சமவெளிகளிலும் முட்புதர்க் காடுகளிலும் வங்காளநரியும் வாழ்கின்றன. வங்காளநரியை 1800ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஷா அறிவியல் முறையில் பெயரிட்டு விளக்கினார். இதன் உடல் சாம்பல் கலந்த நிறமுடையதேனும், அமெரிக்கக் கண்டத்தின் சாம்பல்நரி இதனின்றும் வேறானது. மரமேறும் இயல்புடைய அந்நரி ‘யூரோசையான்’ என்னும் தனிப் பேரினத்தைச் சார்ந்தது. இந்தியாவில் அஃது இல்லை.

கேரளக் கடற்கரைச் சமவெளியில் பரவலாக வாழ்வது இவை எதுவுமன்று. அது நாய், ஓநாய் ஆகியவற்றுக்கு நெருங்கிய உறவான ‘கேனிஸ் ஆரியஸ்’ என்னும் பொன்னிறக் குறுநரியாகும். வங்காளநரியைக் காட்டிலும் உடல் பெரியது. வாலோ ஒப்பீட்டளவில் குட்டையானது.

மட்டாஞ்சேரியின் பன்மொழிச் சூழல்

1555ஆம் ஆண்டளவில் போர்த்துகீசியர் கட்டியளித்த அரண்மனையும், 1568இல் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக்கூடமும் மட்டாஞ்சேரியின் வணிகச் செழிப்பிற்குச் சான்றாக நிற்கின்றன. மலையாளிகளோடு கொங்கணியர், குஜராத்தியர், யூதர், தமிழர் எனப் பலரும் இங்கு வாழ்ந்தனர்.

இம்மொழிகளின் சொற்கள் ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றன. குஜராத்தியில் குறுநரிக்குச் ‘சியாள்’ என்றும் நரிக்கு ‘லோங்க்டி’ என்றும் தனித்தனிப் பெயர்கள் உள்ளன. இருவகை விலங்குகளும் வாழும் வறள்நிலத்து மொழி அது. ஒன்றே மிகுந்து காணப்படும் கேரளத்திலோ குறுக்கன் என்னும் ஒரு சொல்லே அயல்நாட்டு நரியையும் உள்நாட்டுக் குறுநரியையும் ஒருங்கே சுட்டப் போதுமானதாயிற்று. நிலமே சொல்லைப் பகுக்கிறது என்பது இதனால் பெறப்படும்.

கடல்வழி வந்தோரின் நிலையும் கருதத்தக்கது. போர்த்துகீசியர் குறுநரியை ‘அடிபே’ என்றனர். ஓநாயைக் குறிக்கும் அரபுச் சொல்லே இதன் மூலம். ஆங்கிலத்தின் ‘ஜாக்கல்’, வடமொழிச் ‘ச்ருகால’ என்பதோடு தொடர்புடைய பாரசீகச் சொல்லிலிருந்து துருக்கி மொழிவழிச் சென்றதாகும். இந்திய விலங்கின் பெயர் உலகைச் சுற்றி மீண்டும் இந்தியத் துறைமுகத்தை அடைந்தது எனலாம்.

தாவரமும் விலங்கும்

கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீடு தொகுப்பித்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. மருத்துவர் இட்டி அச்சுதனும் கொங்கணி மருத்துவர் மூவரும் அளித்த அறிவின் துணையால் மலபார்த் தாவரங்கள் தத்தம் நாட்டுப் பெயர்களோடு பதிவாயின. விலங்குகளுக்கு இத்தகைய பெருந்தொகுப்பு வாய்க்கவில்லை. மருந்துக்கும் வாணிகத்திற்கும் பயன்படாத விலங்கின் பெயரைத் திட்பமாக வரையறுக்க வேண்டிய தேவை அன்று எழவில்லை போலும். 19ஆம் நூற்றாண்டில் உதகையில் ஆங்கிலேயர் தம் நாட்டு நரிவேட்டை மரபைக் குறுநரிகள்மீது நிகழ்த்தியமை இம்மயக்கத்தை மேலும் வளர்த்தது.

பெயர் மயக்கத்தின் விளைவு

தமிழிலும் இம்மயக்கம் தீர்ந்தபாடில்லை. ‘குள்ளநரி’ என்னும் பெயரைச் சிலர் வங்காளநரிக்கும் சிலர் பொன்னிறக் குறுநரிக்கும் வழங்குகின்றனர். ஆயின் நாட்டார் வழக்கு தெளிவுடையது. சேலம் மாவட்ட வாழப்பாடி வட்டாரத்தார் சிறிய நரியை ‘வங்காநரி’ எனப் பிரித்தறிவர். பொங்கலையொட்டி அதனைப் பிடித்து ஓடவிடும் வழக்கம் அங்கு உண்டு. இது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்கு முரணாதலின் வனத்துறை தடுத்து அபராதம் விதித்து வந்துள்ளது.

சட்டம் இனத்தின் பெயரால் காக்கிறது. எங்கும் காணப்படும் குறுநரியின் பெயரே அருகிவரும் சிறுநரிக்கும் சூட்டப்படின், பின்னது மறைவது கணக்கில் வாராது போகும்.

முடிவுரை

தொல்காப்பிய மரபியல் நரியின் இளமைப்பெயர் குருளை என வரையறுத்தது. விலங்கை நுணுகி நோக்கிப் பெயரிடும் அம்மரபு தொடர்தல் வேண்டும். கேனிஸ் ஆரியஸைக் குறுநரி என்றும் வங்காளநரியை வங்காநரி என்றும் வேறுபடுத்தி வழங்கின், மலைக்கு இருபுறத்து வழக்குகளும் ஒன்றையொன்று தெளிவுபடுத்தும். பாடநூல்களும் கலைச்சொல் அகராதிகளும் இதனை மேற்கொள்ளுதல் மொழிக்கும் விலங்கிற்கும் ஒருங்கே நலம் பயப்பதாகும்.