பதிவேட்டின் ஓரக்குறிப்பு

மறைவான மணங்களால் விளைந்த வஞ்சனைகளைத் தடுக்க, திருமண ஓலையை மூன்று திருநாள்களில் வாசிக்கும்படி திரெந்து பொதுச்சங்கம் 1563-இல் பணித்தது. ஊரார் ஒருவரையொருவர் அறிந்திருந்த காலத்தில் அது போதுமானதாயிருந்தது. பல மாவட்டத்தாரும் குடியேறிய தாம்பரத்திலோ, ஐம்பது வயதில் துணை தேடுபவரின் முன்வாழ்வை அண்டை வீட்டாரே அறியார். அங்கு ஓலை பெரும்பாலும் வெறும் ஓசைதான்.

நாம் மறந்துவிட்ட வழி ஒன்றுண்டு. ஆலயத்தில் மணம் முடிந்ததும், மணமக்களின் திருமுழுக்குப் பதிவேட்டிலும் அதைக் குறிக்க வேண்டும் என்று 1907-இல் பத்தாம் பத்திநாதர் காலத்து 'நே தெமெரே' ஆணை விதித்தது. ஆகவே முதிர்ந்த வயதில் வரன் பார்க்கும் நம்மவர், தரகரின் சொல்லையும் இணையதளப் படத்தையும் நம்புமுன், சொந்தப் பங்கிலிருந்து புதிதாகப் பெற்ற திருமுழுக்குச் சான்றிதழைக் கேட்கலாம். பழைய நகல் உதவாது. துணையை இழந்தவரெனில் இறப்புச் சான்றிதழும் தேவை. பதிவாளர் அலுவலகத்தில் மட்டும் நடந்த மணத்தை அந்த ஓரக்குறிப்பில் காண இயலாது. அதைத் தனியேதான் விசாரிக்க வேண்டும்.