ஜங்கர் மீட்ட பிரிகேடியர் உஸ்மான்

நாமகிரிப்பேட்டையில் வாழும் நமக்கு ஜம்முவின் நவ்ஷேரா நெடுந்தொலைவு. ஆயினும் அங்கு நிகழ்ந்த வரலாறு நமக்கும் உரியது.

1947இல் நாடு பிரிந்தபோது பலூச் படைப்பிரிவு பாகிஸ்தானுக்கு ஒதுக்கப்பட்டது. அதன் அதிகாரியான முகம்மது உஸ்மானோ இந்தியப் படையிலேயே நிலைத்தார். அவ்வாண்டு டிசம்பரில் ஜங்கர் வீழ்ந்தது. அதை மீட்கும்வரை கட்டிலில் உறங்குவதில்லை எனச் சூளுரைத்தார். 1948 பிப்ரவரியில் நவ்ஷேராவைக் காத்தார். மார்ச்சில் ஜங்கரை மீட்டார். ஜூலை 3 அன்று அம்மண்ணிலேயே பீரங்கிக் குண்டுக்கு இரையானார். 36 வயது நிறைய 12 நாட்களே எஞ்சியிருந்தன. டெல்லி ஜாமிஆ மில்லியாவில் நல்லடக்கம் செய்யப்பட்டார். இறுதி ஊர்வலத்தில் பிரதமர் நேருவும் கலந்துகொண்டார். மறைவுக்குப் பின் மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது.

பதக்கத்தினும் பெரிது அவர் செய்த தேர்வு என்போம். நாட்டுப்பற்றைச் சமயத்தால் அளக்க முனைவோர்க்கு அத்தேர்வே விடை.