பைத்தான் 2, பைத்தான் 3, தும்பிக்கை வைத்த 'னை'

போன வருஷக் கடைசியில் என் பழைய லேப்டாப் படுத்துவிட்டது. டிஸ்க் மட்டும் பிழைத்தது. புதிதாக வாங்கிய மெஷினில் பைத்தான் 3 தான் இருக்கிறது. பத்து வருஷத்துக்கு மேலாக நான் பைத்தான் 2.7-ல் ஓட்டிவந்த ஒரு நிரல் அதில் முதல் வரியிலேயே நின்றுவிட்டது. மாற்றி எழுதுவதா, இல்லை எங்கிருந்தாவது 2.7-ஐத் தேடி எடுத்து ஒரு கண்டெய்னருக்குள் அடைத்து அப்படியே ஓட்டுவதா என்று இரண்டு வாரம் இழுத்தடித்தேன். ஆபீஸில் இதே கேள்வி வந்தால் "ஓடுறதை நோண்டாதே" என்பது என் பதில். இது சொந்த விஷயம் என்பதால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.

அந்த நிரல் என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவழித் தாத்தா ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு அச்சகத்தில் கம்பாசிட்டர். தான் கோத்த கல்யாணப் பத்திரிகை ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியை எடுத்துவந்து தகரப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார். அவர் காலத்துக்குப் பிறகு பெட்டி ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தது. நான் இங்கே உறவினர் வீட்டுப் பரண்களில் கிடைத்ததையும் சேர்த்தேன். முந்நூறு சொச்சம் பத்திரிகைகள். (ராஜபாளையத்தில் வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள் ஏராளம். ஆனால் என்னிடம் உள்ள அவர்கள் வீட்டுப் பத்திரிகைகள் எல்லாமே தமிழில்தான். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.) ஒவ்வொன்றிலும் ஊர், வருஷம், பெயர்களோடு இன்னொன்றையும் குறித்துக்கொண்டேன்: 'னை', 'லை', 'ணா', 'றா' போன்ற எழுத்துகள் பழைய உருவில் இருக்கின்றனவா, புது உருவிலா?

நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இது புரியாமல் போகலாம். 'யானை' என்று எழுதினால் அந்த 'னை'க்கு முன்னால் நிஜமாகவே ஒரு தும்பிக்கை வளைந்து நிற்கும். 'ணா', 'றா', 'னா' மூன்றும் கால் போடாமல் ஒரே சுழியாக மடங்கும். பெரியார் 1935-லேயே 'குடிஅரசு' இதழில் இவற்றை மாற்றி அச்சிட ஆரம்பித்துவிட்டார். அரசு ஏற்றது 1978 அக்டோபரில், அவருடைய நூற்றாண்டை ஒட்டி, எம்.ஜி.ஆர். ஆட்சியில். ணா, றா, னா. ணொ, றொ, னொ. ணோ, றோ, னோ. ணை, லை, ளை, னை என்று மொத்தம் 13 எழுத்துகள்.

ஒரு மொழியே வெர்ஷன் மாறிய கதை இது. என் நிரல் ஆராய்ந்துகொண்டிருந்ததும் இதைத்தான். இந்த ஊர்களின் அச்சகங்கள் எப்போது 'அப்கிரேட்' செய்தன என்று கேட்கும் ஒரு நிரல், தானே அப்கிரேட் ஆகாமல் உட்கார்ந்திருந்தது.

பைத்தான் பக்கத்தில் என்ன நடந்தது என்று பார்ப்போம். கைடோ வான் ராசம் பைத்தானை முதன்முதலில் வெளியிட்டது 1991 பிப்ரவரியில். தமிழையும் உள்ளடக்கிய யூனிகோட் 1.0 வந்தது அதே 1991 அக்டோபரில். பைத்தான் முந்திக்கொண்டது, அதனால் அதற்கு எழுத்து என்றாலே பைட்தான். 2000-ல் வந்த 2.0-வில் யூனிகோட் சரம் என்ற தனி வகையைச் சேர்த்தார்கள். ஆனால் பழைய பைட் சரத்தையும் அப்படியே விட்டுவைத்தார்கள். இரண்டையும் கலந்தால் பைத்தான் 2 சத்தம் போடாமல் "இது ஆங்கிலமாகத்தான் இருக்கும்" என்று எடுத்துக்கொண்டு சேர்த்துவிடும். ஆங்கிலமாக இருக்கிறவரை எல்லாம் சரி. சிகாகோவில் ஓடியது ராஜபாளையத்தில் விழும். யூடிஎஃப்-8-ல் தமிழின் எந்தக் குறியும் மூன்று பைட். அதில் முதல் பைட் எப்போதும் 224. ஆஸ்கி 127-ஓடு முடிந்துவிடுகிறது. ஆக, முதல் தமிழ் எழுத்தின் முதல் பைட்டிலேயே எரர்.

'தமிழ்' என்ற சொல்லுக்கு நீளம் எத்தனை என்று பைத்தான் 2-விடம் சாதாரணமாகக் கேட்டால் 15 என்று சொல்லும். பைத்தான் 3 சொல்வது 5: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. ஒன்றாம் வகுப்புக் குழந்தை சொல்வது 3. இந்தக் கடைசி விடை வேண்டுமென்றால் இன்றைக்கும் 'ஓபன் தமிழ்' மாதிரி ஒரு நூலகத்தைத்தான் நாட வேண்டும். 'எழில்' நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை தொடங்கிய திட்டம் அது. அகர வரிசையும் அப்படித்தான். யூனிகோடில் 'ன' இருப்பது 'ந'வுக்கும் 'ப'வுக்கும் நடுவில். நேராக வரிசைப்படுத்தினால் எந்த வெர்ஷனிலும் நம் அகராதி வரிசை வராது. அதாவது பைத்தான் 3 தமிழை முழுக்கச் சரிசெய்துவிடவில்லை. 15-லிருந்து 5-க்குக் கொண்டுவந்தது, அவ்வளவுதான்.

2008 டிசம்பர் 3-ம் தேதி 3.0 வந்தபோது உலகமே திட்டியது. எழுத்து வேறு, பைட் வேறு என்று அது கறாராகப் பிரித்துவிட்டதால் பழைய நிரல்கள் கும்பலாக உடைந்தன. கூடவே யூனிகோட் சரத்துக்கு முன்னால் போடும் 'யு' என்ற அடையாளத்தையும் தூக்கிவிட்டார்கள். அதனால் இரண்டிலும் ஓடுகிற மாதிரி ஒரே கோப்பை எழுதுவது பெரும்பாடானது. நாலு வருஷம் கழித்து, 2012-ல் வந்த 3.3-ல் அந்த 'யு'வைத் திரும்பச் சேர்த்தார்கள். அது எந்த வேலையும் செய்யாது, பழைய நிரல் விழாமல் இருக்க ஒரு முட்டு. ஆனால் அந்த முட்டுக்குப் பிறகுதான் வண்டி நகர்ந்தது என்பது என் கணிப்பு. 2.7-க்கு 2015-ல் விடை கொடுப்பதாக இருந்தார்கள், முடியாமல் 2014-ல் கெடுவை 2020-க்குத் தள்ளினார்கள். 2020 ஜனவரி 1-ம் தேதி ஆதரவு முடிந்தது, ஏப்ரலில் 2.7.18 என்ற கடைசி வெளியீடு. பன்னிரண்டு வருஷ இழுபறி.

1978 மாற்றத்தில் இவ்வளவு ரகளை ஏன் இல்லை?

இதைத் தாத்தாவிடம் நான் காலேஜ் படிக்கும்போதே வேறு மாதிரி கேட்டிருக்கிறேன். "அரசாணை வந்ததும் எழுத்தையெல்லாம் மாத்துனீங்களா தாத்தா?" அவர் சிரித்தார். "என்னத்தை மாத்த? புது எழுத்துக்குப் புது ஈயமா வேணும்? 'கை'க்கு வைக்கிற இணைக்கொம்பு பெட்டியில கெடக்கு. அதை 'ன'வுக்கு முன்னாடி வச்சா புது 'னை'. காலு கெடக்கு, 'ற'வுக்குப் பின்னாடி வச்சா புது 'றா'. ஆனா கொம்பு தீந்துபோச்சுன்னா? பழைய 'னை'யை எடுத்துப் போட்டுருவோம். கல்யாண வீட்டுக்காரன் அதையா பாக்கப் போறான், மாப்பிள்ளை பேரு சரியான்னு பாப்பான்."

அன்றைக்குச் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். இப்போது நினைத்தால், ஒரு கம்ப்யூட்டர்காரன் ஆறு பத்தியில் எழுத வேண்டியதை அவர் அரை நிமிஷத்தில் சொல்லியிருக்கிறார். புது வெர்ஷனுக்கு வேண்டிய உறுப்புகள் எல்லாம் பழைய பெட்டியிலேயே இருந்தன. இரண்டையும் ஒரே வரியில் கலக்கலாம். படிப்பவருக்கு இரண்டும் புரியும். பெட்டியில் இருக்கும் பத்திரிகைகளில் இந்தக் கலப்பைக் கண்ணாலேயே பார்க்கலாம். மேலே தெய்வத்தின் பெயர் இருக்கும் வரியில் புது 'லை', கீழே 'தங்கள் நல்வரவை விரும்பும்' பட்டியலுக்கு வரும்போது பழைய 'லை'. கொம்பு தீர்ந்திருக்கும்!

இன்னொரு காரணமும் இருக்கிறது. பெரியார் கேட்டது 13 எழுத்துகளோடு முடியவில்லை. 'ஐ', 'ஔ' இரண்டையும் விட்டுவிட்டு 'அய்', 'அவ்' என்று எழுதச் சொன்னார். அரசு அதைத் தொடவில்லை. என் பார்வையில் இந்த இரண்டும் வேறு வேறு ரக மாற்றங்கள். தும்பிக்கை போனாலும் 'யானை'யின் எழுத்துக்கூட்டல் மாறவில்லை, அகராதியில் அதன் இடம் மாறவில்லை. இன்றைய யூனிகோடிலும் பழைய 'னை', புது 'னை' இரண்டுக்கும் ஒரே குறிகள்தான், வித்தியாசம் எழுத்துருவில் மட்டுமே. 'ஐயா' 'அய்யா'வானால் கதை வேறு. தேடினால் கிடைக்காது, அகராதியில் வேறு பக்கத்துக்குப் போய்விடும். எங்கள் பாஷையில் சொன்னால், முதலாவது தோற்ற மாற்றம், இரண்டாவது தரவு மாற்றம். 1978-ல் எடுத்துக்கொண்டது முதலாவதை. பைத்தான் 3 கேட்டது இரண்டாவதை.

சரி, என் கதைக்கு வருகிறேன். கடைசியில் மாற்றி எழுதத் துணிந்தேன். பைத்தான் 2-ஐ 3 ஆக்க 'டூ-டு-த்ரீ' என்று ஒரு கருவி இருந்தது (3.13-ல் அதையும் எடுத்துவிட்டார்கள்). பிரிண்ட்டுக்கு அடைப்புக்குறி போடுவது மாதிரி வேலைகளை அது செய்துவிடும். ஆனால் ஒரு சரம் எழுத்தா பைட்டா என்று அதற்குத் தெரியாது. எழுதியவனுக்குத்தான் தெரியும், அவனும் மறந்திருப்பான்.

முதல் அடி தரவுக் கோப்பில் விழுந்தது. 2000-களின் தொடக்கத்தில் தட்டிய பதிவுகள் திஸ்கி குறியாக்கத்தில், பிறகு வந்தவை யூனிகோடில், எல்லாம் ஒரே கோப்பில். பைத்தான் 2-க்கு இரண்டும் பைட், அதனால் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை. திஸ்கியில் 'கெ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பு முதலில், 'க' பிறகு. தாத்தா ஸ்டிக்கில் கோத்த அதே வரிசை! யூனிகோடில் 'க' முதலில். அப்படியானால் என் தேடல்களில் பாதிப் பெயர்கள் இத்தனை நாளும் சிக்கவே இல்லை. ஓபன் தமிழில் பழைய குறியாக்கங்களை யூனிகோடாக மாற்றும் பகுதி இருக்கிறது, அதை வைத்து ஒருவழியாகச் சரிசெய்தேன்.

இரண்டாவது, அறுபது வருஷச் சுற்றுக் கணக்கு. பைத்தான் 2-ல் முழு எண்ணை வகுத்தால் முழு எண் வரும், 3-ல் தசமம் வரும். ஒரு சாய்கோட்டை இரண்டாக்கினால் போதும், பத்து நிமிஷ வேலை.

மூன்றாவதுதான் என்னைத் தூக்கிப்போட்டது. சில வருஷங்களுக்கு முன் இதே இடத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தேன்: அரசாணைக்கு முன்பே எங்கள் ஊர்ப் பக்கத்தில் 11 பத்திரிகைகள் புது எழுத்தில் அச்சாகியிருக்கின்றன, சுயமரியாதைத் திருமணங்களின் தாக்கமாக இருக்கலாம் என்று. 1967-ல் அண்ணா ஆட்சியில் வந்த திருமணச் சட்டத் திருத்தத்தையெல்லாம் இழுத்து நன்றாகவே வாதாடியிருந்தேன். சிலர் பாராட்டவும் செய்தார்கள்.

அந்த 11-ஐ எண்ணிய வரியில் பைத்தான் 3 நின்றது. டைப் எரர். 'வருஷம் 1978-ஐவிடக் குறைவா' என்று கேட்டிருக்கிறேன். கிழிந்துபோனதாலோ வருஷத்தின் தமிழ்ப் பெயர் மட்டும் இருந்ததாலோ ஆங்கில வருஷம் தெரியாத பத்திரிகைகளுக்கு அந்த இடத்தை 'நன்' என்று காலியாக விட்டிருந்தேன். ஒன்றுமில்லாததை ஓர் எண்ணோடு ஒப்பிடச் சொன்னால் பைத்தான் 3 "முடியாது" என்கிறது. பைத்தான் 2 அப்படிச் சொல்லாது. அதற்கு ஒன்றுமில்லாதது எந்த எண்ணையும்விடச் சிறியது. எனக்குத் தெரியாத வருஷம் எல்லாம் 1978-க்கு முந்தையது என்று எண்ணிக் கொடுத்திருக்கிறது.

11-ல் 9 வருஷம் தெரியாதவை. மிச்சம் இரண்டில் ஒன்று 1987-ஐ நான் 1978-க்கு முன்னால் வரும்படி தப்பாகத் தட்டியது. மற்றது மட்டும் நிஜமாகவே 1970-களின் நடுவில் நடந்த சுயமரியாதைத் திருமணம்.

அந்த 9-க்கும் வருஷம் கண்டுபிடிக்க முடியுமா என்று ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன். ஒன்றில் 'பிரபவ' என்று மட்டும் இருக்கிறது. 1927-ஆகவும் இருக்கலாம், 1987-ஆகவும் இருக்கலாம். புது எழுத்து இருப்பதால் 1987 என்று போடக் கை போனது. போட்டால் எழுத்தை வைத்து வருஷம், வருஷத்தை வைத்து எழுத்து என்று செக்கு மாடாகச் சுற்ற வேண்டியதுதான். மணமகனின் வேலை என்ற இடத்தில் ஒரு வங்கிக் கிளையின் பெயர் இருக்கிறது, அதை வைத்து முயற்சி செய்கிறேன். அதுவரை காலியாகவே இருக்கட்டும்.

கண்டெய்னரில் அடைத்து 2.7-ஐயே ஓட்டியிருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது. ஆனாலும் ஆபீஸில் என் பதிலை மாற்றிக்கொள்வேனா என்றால், தெரியவில்லை. அங்கே நிரலை எழுதினவர் பல வருஷத்துக்கு முன்பே வேலையை விட்டுப் போயிருப்பார். காலியிடத்தை எதற்காகக் காலியாக விட்டார் என்று யாரைக் கேட்பது?

பழைய குறிப்பின் தலையில் இன்று திருத்தம் போட்டுவிட்டேன், 11 இப்போது 1. உங்கள் வீட்டுப் பரணில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசிப் பக்கத்தில் 1970-க்கும் 1990-க்கும் நடுவில் அச்சான பத்திரிகை இருந்தால் 'னை'யைப் பாருங்கள். ஒரே தாளில் இரண்டு விதமும் இருந்தால் எந்த வரியில் மாறுகிறது என்றும் சொல்லுங்கள். தேதி கிழியாமல் இருந்தால் ரொம்ப சந்தோஷம்.