நாலாவது குன்று

செஞ்சிக்கோட்டை என்றால் மூன்று குன்று என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம். மூன்றையும் இணைத்து 13 கி.மீ. நீள மதில். சுற்றிப்பார்க்க வருகிறவரும் ராஜகிரியில் மூச்சு வாங்க ஏறி, முடிந்தால் கிருஷ்ணகிரியையும் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறார். சந்திராயன் துர்க்கத்துக்கே ஆள் போவது குறைவு. முள்ளும் பாறையும்தான் வழி.

ஆனால் குன்று மூன்றில்லை, நாலு. சந்திராயன் துர்க்கத்தை அடுத்து, அரணோடு ஒரு சின்னக் குன்று நிற்கிறது. அதன் பெயர் சக்கிலி துர்க்கம். வடக்கிலிருந்து வந்த முகலாயப் படைக்காரர்கள் இதையே 'சமார் டிக்ரி' என்றார்கள். டிக்ரி என்றால் குன்று. சமார் என்றால் யாரென்று சொல்லத் தேவையில்லை. மொழி மாறியது, சாதி மாறவில்லை.

ராஜாவுக்கு ஒரு கிரி, கிருஷ்ணனுக்கு ஒரு கிரி. தோல் வேலை செய்தவனின் பெயரில் ஒரு துர்க்கம். கோட்டை வரலாற்றில் இது சின்ன விஷயமா?

1690இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் இந்தக் கோட்டையை வளைத்தான். உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். 1698இல்தான் கோட்டை விழுந்தது. முற்றுகையின் கடைசிக் கட்டத்தில் தாவூத் கான் பன்னி ஒரே நாளில் பிடித்தது இந்தச் சக்கிலி துர்க்கத்தைத்தான். அதற்காக மட்டும் இந்தக் குன்று வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு வரி பெறுகிறது. பிடித்தவன் பெயர் இருக்கிறது. இடத்துக்குப் பெயர் தந்த மக்களைப் பற்றி அடுத்த வரி இல்லை.

எட்டு வருஷ முற்றுகையை வெறும் வீரத்தால் யாரும் தாங்க முடியாது. குதிரைக்குச் சேணம் வேண்டும், கடிவாள வார் வேண்டும். சிப்பாய்க்குச் செருப்பு, தண்ணீர் சுமக்கத் தோற்பை, கொல்லன் உலைக்குத் துருத்தி, கிணற்றில் இறைக்கக் கவலைச் சால், சண்டைக்கு முரசு. அத்தனையும் தோல். செத்த மாட்டைத் தூக்கி, உரித்து, ஊறவைத்து, பதப்படுத்தித் தைத்த கைகள் இல்லாமல் அந்தக் கோட்டை ஒரு மாதம் நின்றிருக்குமா? அந்தக் கைகளைத் தீட்டு என்று தள்ளி வைத்துக்கொண்டே, அந்தக் கைகள் தைத்த சேணத்தின்மேல் உட்கார்ந்துதான் எல்லா ராஜாக்களும் சவாரி செய்தார்கள்.

தேசிங்குராஜன் கதை நமக்கெல்லாம் தெரியும். 1714இல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானோடு சண்டையிட்டுச் செத்துப்போன தேஜ் சிங்தான் கதைப்பாட்டில் தேசிங்கு. அவன் குதிரைக்குக்கூட கதையில் பெயர் இருக்கு, பாராசாரி. சேணம் தைத்தவனுக்குப் பெயர் இல்லை. கதையில் மிருகத்துக்குக் கிடைத்த இடம் மனுசனுக்குக் கிடைக்கவில்லை.

இது நம்மூர்க் கதை மட்டுமில்லை. தென் அமெரிக்காவில் பெரு நாட்டு மலைகளில் இன்கா மக்கள் கட்டிய மச்சு பிச்சு இருக்கிறது. 1911 ஜூலை 24 அன்று ஹிராம் பிங்காம் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அதைக் 'கண்டுபிடித்தார்' என்று உலகம் படித்தது. அவரை மேலே கூட்டிப்போனவர் மெல்ச்சோர் அர்த்தேகா என்ற விவசாயி. கூலி ஒரு வெள்ளிக்காசு. மேலே போய்ப் பார்த்தால், பழைய படிவயல்களில் குடியானவக் குடும்பங்கள் பயிர் வைத்திருந்தன. அதற்கும் முன்னால், 1902இலேயே, அகுஸ்தின் லிசாராகா என்ற உள்ளூர்க்காரர் அங்கே சுவரில் தன் பெயரை எழுதிவைத்திருந்தார். ஆக, அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரிந்தது கணக்கில் சேரவில்லை. வெளியாள் பார்த்ததுதான் கண்டுபிடிப்பு ஆயிற்று.

இன்று அதே இடிபாடுகளைப் பார்க்க உலகமெங்குமிருந்து ஆட்கள் வந்து நாலு நாள் மலையில் நடக்கிறார்கள். கூடாரம், அடுப்பு, அரிசி, பாத்திரம் எல்லாவற்றையும் முதுகில் சுமந்து முன்னால் ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் கெச்சுவா மொழி பேசும் ஏழை விவசாயிகள். ஒரு ஆள் 20 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது என்று அங்கே சட்டம் வந்ததே 2001இல்தான். அதுவரை அந்த முதுகுகளுக்குக் கணக்கு இருந்ததா? இன்கா கல்லுக்குக் கிடைத்த மரியாதை இன்காவின் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் வானூர்ப் பக்கம் இதை வேறு மாதிரி பார்க்கலாம். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் சிற்பத் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. 1750இல் பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியைப் பிடித்து, 1761 வரை வைத்திருந்தார்கள். அந்தத் தொடர்பில் கடலுக்கு வந்த கற்கள். திண்டிவனம் வழியாக வந்தால் ஏறக்குறைய 70 கி.மீ. அந்த வழியில் வானூர் வட்டத்தைக் கடக்காமல் புதுச்சேரிக்குள் நுழைய முடியாது. ஒவ்வொன்றும் ஒரே கருங்கல்லில் செதுக்கிய தூண். தானாகவா நடந்து வந்தது? இழுத்தது மாடு என்றால் அந்த மாட்டின் நுகவாரைத் தைத்தது யார்? வண்டி புதைந்த இடத்தில் தோள் கொடுத்தது யார்? தூணின் அழகைப் புகழ்கிறவர்கள் இதைக் கேட்பதில்லை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் செஞ்சி சேர்ந்தது. 'மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள்' என்ற தலைப்பில் 12 கோட்டைகள். பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று இங்கே. சந்தோஷம்தான். ஆனால் சிவாஜி செஞ்சிக்கு வந்தது 1677இல். அதற்கு முன் கோன்கள், நாயக்கர்கள், பீஜப்பூர்க்காரர்கள். பின்னால் முகலாயர், நவாபு, பிரெஞ்சு, ஆங்கிலேயர். அத்தனை பேரும் மாறி மாறி வந்தபோதும் மாறாமல் அங்கேயே கிடந்து உழைத்தவர்கள் எந்தத் தலைப்பில் வருவார்கள்? இனி பயணிகள் கூடுவார்கள், புதுப் பலகைகள் நிற்கும். பலகையில் எழுதாதது அடுத்த தலைமுறைக்கு இல்லாததாகிவிடும். அதனால்தான் இதை இப்போதே பேச வேண்டியிருக்கிறது.

ஒரு கேள்வி வரும். 'சக்கிலி' என்பது வசைச்சொல்லாயிற்றே, அந்தப் பெயரை ஏன் காப்பாற்ற வேண்டும்? நியாயமான கேள்வி. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகத் தமிழக முதல்வர் அறிவித்தார். குடியிருப்பவனை இழிவு செய்யும் சொல் போகட்டும். ஆனால் குன்றின் பெயர் வேறு. அதைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டால், அந்தக் கோட்டையில் நம் மக்கள் இருந்தார்கள் என்பதற்குக் கல்லில் மிச்சமிருக்கும் சாட்சியும் போய்விடும். நல்ல பெயர் வைக்கிறோம் என்று இன்னொரு ராஜா பெயரை அங்கே ஒட்டுவார்கள். பெயர் எப்படி இருக்க வேண்டும் என்பதை அருந்ததியர் மக்கள் முடிவு செய்யட்டும். வட மாவட்டங்களில் தலித் அரசியல் பேசும் மற்றவர்கள் அவர்கள் குரலுக்கு முதலில் இடம் விட வேண்டும். எந்தப் பெயர் வந்தாலும், பழைய பெயரையும் அது வந்த உழைப்பையும் பக்கத்தில் எழுதியே ஆகவேண்டும்.

மாணவர்களுக்கும் தோழர்களுக்கும் ஒரு யோசனை. புதுச்சேரித் தூண்களிலிருந்து கிளம்பி, வானூர் வட்டம், திண்டிவனம் வழியாகச் செஞ்சிக்கு மூன்று நாள் நடக்கலாம். கல் வந்த வழியிலேயே திரும்பிப் போகிற நடை. வழியில் இருக்கும் சேரிகளில் தங்கி, பெரியவர்களிடம் தோல் வேலை, கல் வேலை, உப்பள வேலை பற்றிக் கேட்டு எழுத வேண்டும். நாலாம் நாள் ஏறவேண்டியது ராஜகிரி இல்லை, நாலாவது குன்று. வழிகாட்டியாக அந்தப் பகுதி அருந்ததியர் ஒருவரைக் கூப்பிட வேண்டும். அவருக்கு முழுக் கூலி கொடுக்க வேண்டும், எழுதும்போது அவர் பெயரையும் போட வேண்டும்.